நிறம் கூடியதா, இடம் மாறியதா? மொனாஸ்கஸ் நொதித்தலில் சர்ஃபாக்டன்ட்

ஊதாக்குடுவை
வணக்கம். நான்கு மாதமாக மொனாஸ்கஸ் பர்பூரியஸ் பூசணத்தை அதன் நிறமிக்காகத் திரவ ஊடகத்தில் வளர்த்துக்கொண்டிருக்கிறேன். குளுக்கோஸ், அம்மோனியம் சல்பேட், பாஸ்பேட், சில உப்புகள். 30 டிகிரி, ஷேக்கர். எல்லாக் குடுவையிலும் இதுவரை ஒரே கதைதான். பூசண உருண்டைகள் செங்கல் நிறத்தில் இருக்கும். திரவமோ சாயத்துணி அலசிய கடைசித் தண்ணீர் மாதிரி வெளிறிக் கிடக்கும்.

போன வாரம் டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சர்ஃபாக்டன்டை லிட்டருக்கு 20 கிராம் வீதம் போட்டுப் பார்த்தேன். ஆறாம் நாள் குடுவையை எடுத்தபோது நம்பவே முடியவில்லை. திரவம் ஆரஞ்சு கலந்த அடர் மஞ்சள். உருண்டைகள் வெளுத்துவிட்டன. 410 நானோமீட்டரில் திரவத்தின் ஓ.டி. (ஒளியை உறிஞ்சும் அளவு) டிரைட்டான் போடாத கன்ட்ரோலில் 6, இதில் 42. ஏழு மடங்கு! வழிகாட்டி அதற்குள் கட்டுரைத் தலைப்பே யோசித்துவிட்டார். எனக்குத்தான் உறுத்துகிறது. பூசணம் உண்மையிலேயே ஏழு மடங்கு நிறமி செய்ததா? சிவப்பு எங்கே போயிற்று?

அரைக்கரண்டி
இந்தத் துறைக்கும் எனக்கும் தொடர்பில்லை, வேடிக்கை பார்க்க வந்தவன். சர்ஃபாக்டன்ட் என்றால் சோப்புதானே? சோப்புத் தண்ணீரில் பூசணம் சாகாதா?

மைசெல்மணி
நல்ல கேள்வி, கூச்சப்பட வேண்டாம். சோப்பு, எஸ்.டி.எஸ். (சோடியம் டோடெசைல் சல்பேட்) போன்றவற்றுக்கு மின்னேற்றம் உண்டு. அவை உயிரணுவின் சவ்வையும் புரதத்தையும் பிய்த்துவிடும். அதைப் போட்டால் பூசணம் சாகத்தான் செய்யும். டிரைட்டான், ட்வீன் வகைகளுக்கு மின்னேற்றம் இல்லை. அவற்றின் தலைப்பகுதி நீண்ட ஈதர் சங்கிலி. பூசணத்தின் செல்சுவர் தடிப்பும் சேர்ந்துகொள்வதால் தாங்கிக்கொள்கிறது. எல்லாப் பூசணமும் எல்லா அளவிலும் தாங்கும் என்று சொல்லவில்லை.

ஊதாக்குடுவை, உங்கள் அளவைக் கவனியுங்கள். டிரைட்டான் எக்ஸ்-100 மூலக்கூறுகள் தண்ணீரில் ஒன்றுகூடி மைசெல் என்ற நுண்ணிய உருண்டைகளைக் கட்டத் தொடங்குவது லிட்டருக்குச் சுமார் 0.15 கிராமில். நீங்கள் போட்டிருப்பது அதைப்போல நூறு மடங்குக்கு மேல். ஆக, ஏறக்குறைய முழுவதும் மைசெலாகத்தான் மிதக்கிறது. வெளிப்பக்கம் தண்ணீருக்கு இசைவு, உள்ளே எண்ணெய்த்தன்மை. மொனாஸ்கஸ் நிறமிகளோ தண்ணீரில் கரைய மறுக்கிற சாதி. வெளியே போக இடமில்லாததால் செல்லுக்குள்ளேயே தேங்கிக் கிடந்தன. இப்போது வாசலில் கோடிக்கணக்கான எண்ணெய்ப் பைகள் நிற்கின்றன, அவற்றில் ஏறிக்கொண்டு போகின்றன. நொதித்தல் நடக்கும்போதே பிரித்தெடுப்பதும் நடக்கிறது. சீன ஆய்வுக்குழுக்கள் 2010-களில் மொனாஸ்கஸில் இதை நிறையச் செய்து பார்த்திருக்கின்றன.

செல்லுக்குள் நிறமி நிறைந்தால் உற்பத்தி தளர்ந்துபோகும் என்பது வாதம். காலிசெய்துகொண்டே இருந்தால் மேலும் செய்யும். அதனால் "கூடியதா, இடம் மாறியதா" என்றால் இரண்டும் நடக்கலாம். எது எவ்வளவு என்பது உங்கள் தரவில் இல்லை. உருண்டைகளுக்குள் மிச்சம் எவ்வளவு என்று அளந்தீர்களா?

ஊதாக்குடுவை
இல்லை. வடிகட்டித் தூர எறிந்துவிட்டேன்.

நுரைப்படை
அடப்பாவமே. கன்ட்ரோல் குடுவையின் நிறமி முழுக்க அந்த உருண்டையில்தானே இருந்தது தம்பி! பெட்டியில் இருந்த பணத்தை எண்ணாமல் சட்டைப்பையில் இருந்த சில்லறையை மட்டும் எண்ணி, "நேற்றைவிட ஏழு மடங்கு பணக்காரன்" என்றால் எப்படி?

மறுபடி செய். இரண்டு குடுவை உருண்டைகளையும் 70 சதவீத எத்தனாலில் ஊறவைத்து எடு, நிறம் போகும்வரை. திரவத்தையும் அப்படியே அளக்காதே. எத்தனால் சேர்த்து அதுவும் 70 சதவீதத்துக்கு வருகிற மாதிரி நீர்த்துக்கொள். மைசெலுக்குள் இருக்கும் நிறமியும் எத்தனாலில் இருக்கும் நிறமியும் ஒளியை ஒரே மாதிரி உறிஞ்சாது. உச்சி கொஞ்சம் நகரும், உயரமும் மாறும். எத்தனால் மைசெலைக் கலைத்துவிடும், அப்போது இரண்டும் ஒரே தராசுக்கு வரும். ஓ.டி. கருவியில் பூஜ்யமாக வைக்கிற பிளாங்க்குக்கு வெறும் தண்ணீர் வைத்தாயா?

ஊதாக்குடுவை
ஆமாம் ஐயா.

நுரைப்படை
பூசணம் போடாத அதே ஊடகம், அதே டிரைட்டான், அதே ஆறு நாள் ஷேக்கரில். அதுதான் பிளாங்க். ஓ.டி. எடுக்கும் முன் சென்ட்ரிஃப்யூஜில் நன்றாகச் சுற்று. சர்ஃபாக்டன்ட் இருக்கும்போது செல் துணுக்குகள் கீழே உட்காராமல் பால் மாதிரி மிதக்கும். அந்தக் கலங்கலையும் கருவி நிறமாகத்தான் எண்ணும். உலர் எடை எடுக்கும்போதும் உருண்டையை நாலைந்து தடவை கழுவு. ஒட்டியிருக்கும் டிரைட்டானும் எடையில் ஏறிவிடும்.

பழையபூசணம்
சிவப்பு எங்கே என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மொனாஸ்கஸ் என்ற பேரினத்தை வான் டீகெம் வைத்தது 1884-இல். பர்பூரியஸை வென்ட் 1895-இல் விவரித்தார். ஆனால் அரிசியில் வளர்த்துச் சிவக்கவைக்கும் 'சிவப்பு அரிசி'யாக அதைக் கிழக்காசியா அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கையாண்டுகொண்டிருந்தது. வழக்கமாகப் பேசப்படும் நிறமிகள் ஆறு. மஞ்சளில் மொனாஸ்கின், அங்காஃப்ளாவின். ஆரஞ்சில் ரூப்ரோபங்டாடின், மொனாஸ்கோரூப்ரின். சிவப்பில் ரூப்ரோபங்டமின், மொனாஸ்கோரூப்ரமின். ஓ.டி. அளவில் 410, 470, 510 என்று மூன்று எண் எழுதுகிறோமே, அது இந்த மூன்று சாதிகளுக்குத்தான்.

பூசணத்தின் நொதிகள் ஆரஞ்சுவரை கட்டிக்கொடுக்கின்றன. அதன்பின் சிவப்பாக மாறுவதற்கு நொதி பெரிதாகத் தேவையில்லை. ஆரஞ்சு மூலக்கூறின் வளையத்தில் ஓர் ஆக்சிஜன் இருக்கிறது. அமினோ குழுவுள்ள ஏதாவது பக்கத்தில் வந்தால், ஆக்சிஜனை வெளியேற்றிவிட்டு நைட்ரஜன் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். மொனாஸ்கோரூப்ரின் சி23எச்26ஓ5, மொனாஸ்கோரூப்ரமின் சி23எச்27என்ஓ4. கணக்கு போட்டுப் பாருங்கள், ஓர் ஆக்சிஜன் போய் ஒரு என்.எச். வந்திருக்கும். வருகிற அமின் அம்மோனியா ஆகவும் இருக்கலாம், குளுட்டமேட் போன்ற அமினோ அமிலமாகவும் இருக்கலாம். அதனால்தான் மோனோசோடியம் குளுட்டமேட் போட்டு வளர்ப்பவர்களுக்குத் தண்ணீரில் கரையும் சிவப்பே தனியாகக் கிடைக்கிறது. அமினோ அமிலத்தைச் சுமந்துகொண்டு போவதால் அந்தச் சிவப்புக்கு மைசெல் வண்டியே வேண்டாம்.

உங்கள் குடுவையில் நடந்ததை இரண்டாகப் பிரிக்கலாம். முதலாவது, அம்மோனியம் சல்பேட். பூசணம் அம்மோனியத்தை எடுத்துக்கொண்டு அமிலத்தை விட்டுவிடும். பி.எச். 3-க்கும் கீழே போயிருக்கும், பாருங்கள். அங்கே அமின் புரோட்டான் ஏறி முடங்கிவிடும், ஆரஞ்சோடு வினைபுரியாது. செல்லுக்கு உள்ளே அப்படி இல்லை. கன்ட்ரோலின் செங்கல் நிறம் உள்ளே தேங்கிய ஆரஞ்சும் அங்கேயே சிவந்ததும் கலந்தது. இரண்டாவது, டிரைட்டான் அந்த ஆரஞ்சைச் சிவக்க விடாமல் வெளியே இழுத்துவிட்டது. வெளியில் அமிலம், அதோடு மைசெலின் எண்ணெய் மடி. இரண்டிலும் அமின் நெருங்க முடியாது. சிவப்பு எங்கேயும் போகவில்லை, பிறக்கவே இல்லை.

வடிகட்டிய திரவத்தில் கொஞ்சம் எடுத்து, பி.எச். ஏழுக்குக் கொண்டுவந்து, ஒரு சிட்டிகை கிளைசின் போட்டு வெதுவெதுப்பாக வையுங்கள். சிவந்தால் ஆரஞ்சு நிறைய இருக்கிறது என்று பொருள். மஞ்சளாகவே நின்றால் உண்மையிலேயே மொனாஸ்கினும் அங்காஃப்ளாவினும் அதிகம். மஞ்சள் நிறமிகள் அமினைக் கண்டுகொள்ளாது. 410-இல் ஆரஞ்சும் ஓரளவு உறிஞ்சும் என்பதால் அந்த ஒற்றை எண்ணை வைத்து "மஞ்சள்" என்று எழுதிவிடாதீர்கள். கலவையைத் தனித்தனிப் பொருளாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி கிடைத்தால் வேலை சுலபம்.

ஊதாக்குடுவை
பி.எச். 2.6! கண்ணில் பார்த்தும் நோட்டில் எழுதியதோடு விட்டுவிட்டேன். மிக்க நன்றி ஐயா.

இன்னொரு சின்னச் சந்தேகம், கேட்கவே கூச்சமாக இருக்கிறது. முதல் தடவை டிரைட்டான் போட்ட ஊடகத்தை ஆட்டோகிளேவிலிருந்து (நீராவியில் கிருமி நீக்கும் கலம்) எடுத்தபோது பாலாகத் திரிந்திருந்தது. கெட்டுப்போயிற்று என்று முழுவதையும் கொட்டிவிட்டேன். இரண்டாம் தடவை வேறு வேலையில் மறந்துபோய் விட்டுவைத்தேன், ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. என்ன நடந்தது?

மைசெல்மணி
கொட்டியது கெட்டுப்போகவில்லை. அதற்குப் பெயர் மேகப்புள்ளி. சூடேறச் சூடேற ஈதர் சங்கிலி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் வலுவை இழக்கும். ஒரு கட்டத்தில் மைசெல்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தனிப்படையாகப் பிரியும். டிரைட்டான் எக்ஸ்-100-க்கு இது சுமார் 65 டிகிரி, ஆட்டோகிளேவில் 121. பிரியாமல் எப்படி இருக்கும்? ஆறியதும் ஒரு குலுக்கு குலுக்கினால் மறுபடி கரைந்துவிடும். அதே குடும்பத்து எக்ஸ்-114-க்கு மேகப்புள்ளி அறை வெப்பத்தை ஒட்டியே இருக்கிறது, 23 டிகிரி வாக்கில். அதைப் போட்டு 30 டிகிரியில் வளர்த்தால் முதல் நாளிலிருந்தே இரண்டு படைதான்.

அரைக்கரண்டி
சூடாக்கினால் கரைய வேண்டியது சூடாக்கினால் பிரிகிறதா! சர்க்கரைப் பாகு காய்ச்சிய கைக்கு இது புரிய நாளாகும்.

நுரைப்படை
எல்லாம் குடுவையில் அழகாகத்தான் இருக்கும். நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷேக்கரில் காற்று மேலாக வருகிறது. ஃபெர்மென்டர் என்ற நொதித்தல் தொட்டியில் கீழிருந்து காற்றை ஊதுகிறோம், சுழலியும் அடிக்கிறது. அதில் லிட்டருக்கு 20 கிராம் சர்ஃபாக்டன்ட் என்றால் என்ன ஆகும்? ஒருமுறை இரவுப் பணியில் இருந்தேன். வேறு பூசணம், வேறு சர்ஃபாக்டன்ட், இதைவிடக் குறைந்த அளவுதான். இரண்டாம் நாள் நள்ளிரவில் நுரை மேலே ஏறி, வெளிக்காற்றுக் குழாய்க்குள் புகுந்து, வடிகட்டியை நனைத்துவிட்டது. நனைந்த வடிகட்டி காற்றை விடாது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது, காற்றைக் குறைத்தேன், கரைந்த ஆக்சிஜன் பூஜ்யத்தைத் தொட்டது. சிலிக்கோன் ஆன்டிஃபோம் ஊற்றினேன், நுரை இறங்கியது. ஆன்டிஃபோம் குமிழிகளை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கும், பெரிய குமிழியிலிருந்து ஆக்சிஜன் திரவத்துக்குள் மெதுவாகத்தான் இறங்கும். நுரையைக் கொன்றுவிட்டேன், பூசணத்துக்கு மூச்சு முட்டியது. காலையில் வந்த மேலாளர் திரவத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் மோசம்.

அப்புறம் கணக்கு. நிறமி லிட்டருக்கு ஒரு சில கிராம் தேறும் என்றே வைத்துக்கொள்வோம். சர்ஃபாக்டன்ட் 20 கிராம். கடைசியில் நம் கையில் இருப்பது நிறமி கலந்த சர்ஃபாக்டன்டா, சர்ஃபாக்டன்ட் கலந்த நிறமியா?

மைசெல்மணி
இதே மேகப்புள்ளிதான் பதில். நொதித்தல் முடிந்ததும் பூசணத்தை வடிகட்டி எடுத்துவிட்டு, திரவத்தைச் சூடாக்கினாலோ சோடியம் சல்பேட் போட்டாலோ சர்ஃபாக்டன்ட் சின்னப் படையாகப் பிரியும். உப்பு மேகப்புள்ளியைக் கீழே இறக்கும். நிறமி முழுக்க அந்தச் சின்னப் படைக்குள் வந்துவிடும். பெரிய தொட்டித் திரவம் ஒரு வாளியளவாகச் சுருங்கிவிடும்.

நுரைப்படை
சரி, சுருங்கியது. வாளியில் இருப்பது இன்னமும் சர்ஃபாக்டன்டுதானே?

மைசெல்மணி
ஒப்புக்கொள்கிறேன், அங்கேதான் சிக்கல். நிறமி சர்ஃபாக்டன்டை விரும்பித்தான் உள்ளே போனது, சும்மா விட்டுவிடாது. மேக்ரோபோரஸ் பிசின் (பெருந்துளைகள் கொண்ட பிசின்மணிகள்) நிரப்பிய குழாயில் விட்டு, எத்தனால் அளவை ஏற்றிக்கொண்டே போய்த் தனித்தனியாகக் கழற்றலாம். சேர்மானங்களை மாற்றி, எண்ணெய்ப் படை ஒன்றுக்குள் நிறமியைத் தள்ளிவிடும் நுண்குழம்பு முறையும் உண்டு. இரண்டுமே ஆய்வகத்தில் நடக்கும். தொட்டி அளவில் எனக்கு நேரடி அனுபவம் கிடையாது.

உங்கள் கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று. பூசணத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நிறமி வெளியே போய்விட்டதால் அந்த உருண்டைகளை அப்படியே எடுத்துப் புது சர்ஃபாக்டன்ட் ஊடகத்தில் போட்டு மறுபடி வேலை வாங்கலாம். செல்லை உடைத்துப் பிழியும் முறையில் அதற்கு வழியே இல்லை.

சிட்ரினின்காவல்
எல்லோரும் நிறத்தையே பார்க்கிறீர்கள். நிறமில்லாத ஒன்றும் அதே கதவு வழியாக வருகிறது.

பல மொனாஸ்கஸ் இனங்கள் சிட்ரினின் செய்யும், சிறுநீரகத்துக்குக் கேடு. முன்பு மொனாஸ்கிடின் ஏ என்ற பெயரில் கிருமியெதிர்ப்புப் பொருளாகப் பார்க்கப்பட்டது சிட்ரினினேதான் என்று 1995-இல் உறுதியானது. ஐரோப்பிய ஒன்றியம் சிவப்பு அரிசி சார்ந்த துணை உணவுகளுக்கு 2014-இல் கிலோவுக்கு 2000 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. 2019-இல் அதை 100 ஆக இறக்கியது. இருபது மடங்கு இறுக்கம். சிட்ரினினும் நிறமியைப் போலவே பாலிகீட்டைடு என்ற வேதிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சர்ஃபாக்டன்ட் போட்டதால் அது ஏறியதா இறங்கியதா என்பதை உங்கள் சொந்தத் திரவத்தில், ஒளிர்வு டிடெக்டர் வைத்த எச்.பி.எல்.சி.யில் அளந்துதான் சொல்ல வேண்டும். சிட்ரினின் மரபணுவை முடக்கிய வகைகள் இருக்கின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் தலைவலி பாதி குறையும்.

டிரைட்டான் எக்ஸ்-100 பற்றியும் ஒரு சொல். அது ஆக்டைல்ஃபீனால் வகை. சூழலில் சிதையும்போது ஹார்மோன் இயக்கத்தைக் குலைக்கும் ஆக்டைல்ஃபீனாலை விட்டுச்செல்கிறது. அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜனவரி 4-க்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாது. ஆய்வக வேலைக்கு விலக்கு உண்டு. உணவு நிறத்துக்கு என்று சொல்லிக்கொண்டு இதில் தொடங்கினால் கடைசி வாசலில் நிற்கவைத்துவிடுவார்கள்.

ஊதாக்குடுவை
அப்படியானால் ட்வீன் 80-க்கு மாறிவிடட்டுமா? அது உணவிலேயே சேர்க்கிறார்களே.

சிட்ரினின்காவல்
சேர்க்கிறார்கள், அதற்கும் அளவு உண்டு. ட்வீன் வகைகள் எல்லாம் சேர்த்து உடல் எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 25 மி.கி. என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் வைத்தது. டிரைட்டானோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல்.

பழையபூசணம்
மாறலாம், ஆனால் அது வேறு சோதனை ஆகிவிடும். ட்வீன் 80-இல் ஓலிக் அமிலம் எஸ்டராகக் கோத்திருக்கிறது. பூசணத்திடம் கொழுப்பை வெட்டும் லிப்பேஸ் நொதி இருக்கிறது. மெல்ல வெட்டித் தின்றுவிடும். நீங்கள் நிறமிக்கு வண்டி அனுப்பியதாக நினைத்திருப்பீர்கள், அது வண்டியைச் சாப்பிட்டுக் கொழுத்திருக்கும். நிறம் கூடினால் காரணம் மைசெலா ஓலிக் அமிலமா? ஒரு குடுவையில் வெறும் ஓலிக் அமிலம் மட்டும் போட்டுத் தனியாக வைக்க வேண்டும்.

எல்லாப் பூசணத்திலும் சர்ஃபாக்டன்ட் இதே வேலையைச் செய்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளேக்ஸ்லியா டிரைஸ்போராவில் பீட்டா கரோட்டின் எடுக்கிறார்களே, அங்கே ஸ்பான் 20 என்ற சர்ஃபாக்டன்ட் கொஞ்சம் போட்டால் இழைகள் கட்டியாகாமல் பரவி வளர்கின்றன, மகசூல் ஏறுகிறது. கரோட்டின் செல்லுக்குள்ளேயேதான் இருக்கிறது. அங்கே இது சீப்பு, மொனாஸ்கஸில் வண்டி. உங்கள் உருண்டைகளின் அளவும் மாறியதா என்று பாருங்கள்.

அரைக்கரண்டி
சிட்ரினின் தொல்லை இல்லாத சிவப்புப் பூசணம் வேறு இல்லையா?

பழையபூசணம்
இருக்கிறது. டாலரோமைசஸ் அட்ரோரோசியஸ், 2013-இல் விவரிக்கப்பட்டது. மொனாஸ்கஸ் போன்ற சிவப்பு நிறமி, சிட்ரினின் கிடையாது. அதன் அட்ரோரோசின்கள் அமினோ அமிலம் ஏறியவை, திரவத்துக்குள் தானே வந்துவிடும், சர்ஃபாக்டன்டும் வேண்டாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. சிவப்பு கசிகிற டாலரோமைசஸ் எல்லாம் நல்லபிள்ளை அல்ல. டாலரோமைசஸ் மார்னெஃபியும் 25 டிகிரியில் தட்டில் அழகாகச் சிவப்பு கசியும். 37 டிகிரியில் ஈஸ்ட் வடிவமெடுத்து, நோயெதிர்ப்பு குறைந்தவர்களின் உயிரை எடுக்கும். மண்ணிலிருந்து பிடித்த சிவப்பு எதையும் பெயர் தெரியாமல் பெருக்காதீர்கள்.

ஊதாக்குடுவை
பத்து நாள் கழித்து வருகிறேன். சொன்னபடியே மறுபடி செய்தேன். மும்மூன்று குடுவைகள், சரியான பிளாங்க், எல்லாம் 70 சதவீத எத்தனாலில், 410-இல்.

கன்ட்ரோல்: திரவத்தில் 5, உருண்டையில் 31 (திரவக் கன அளவுக்கு மாற்றியது). மொத்தம் 36. டிரைட்டான்: திரவத்தில் 39, உருண்டையில் 11. மொத்தம் 50. ஏழு மடங்கு 1.4 மடங்காகிவிட்டது. உலர் எடை லிட்டருக்கு 10.4-லிருந்து 9.1 கிராமாகக் குறைந்திருக்கிறது, ஆக ஒரு கிராம் பூசணத்துக்குப் பார்த்தால் கொஞ்சம் கூடுதல். உருண்டைகளும் சிறுத்துவிட்டன.

கிளைசின் சோதனை: அரை மணி நேரத்தில் சிவக்கத் தொடங்கியது. மறுநாள் மாதுளை நிறம். அப்படியானால் என் "மஞ்சளில்" பெரும்பகுதி ஆரஞ்சுதானே?

வழிகாட்டியிடம் காட்டினேன். முதலில் முகம் சுருங்கியது. பிறகு கிளைசின் குழாயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டார்.

நுரைப்படை
1.4 எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த எண்ணை நம்புவேன். 39-க்கு 5 என்பதையும் விட்டுவிடாதே, செல்லை உடைக்காமல் நிறத்தில் முக்கால்வாசிக்கு மேல் வெளியே வந்துவிட்டதே! அது தனி லாபம். நுரைக்கு என்ன செய்யப் போகிறாய் என்பதை மட்டும் யோசித்து வை.

மைசெல்மணி
டிரைட்டானை முதல் நாளே போடாமல் இரண்டு நாள் வளர்ந்தபின் போட்டுப் பாருங்கள். உலர் எடை இழப்பு குறையலாம். இது ஊகம்தான்.

பழையபூசணம்
ஆம், ஆரஞ்சுதான் பெரும்பகுதி. எச்.பி.எல்.சி.க்கு அனுப்பும் குழாய்களை மேசையில் திறந்தபடி வைத்திருக்கவில்லையே? இந்த நிறமிகளுக்கு வெளிச்சம் ஆகாது. அலுமினியத் தாளில் சுற்றி உள்ளே வையுங்கள்.

ஊதாக்குடுவை
ஜன்னலோரம் இருக்கின்றன. இதோ ஓடுகிறேன்.